ஷோபிஸ் மகாத்மியம்

உலகத்தில் மனிதர்கள் வயிறு வளர்ப்பதற்காக ஏற்படுத்திக்கொண்டிருக்கும் தொழில்கள் அநேகம். அவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கௌரவமான பெயரை வைத்துக்கொண்டு, பணம் என்ற வார்த்தை அந்தப் பெயரின் பக்கத்தில் எங்கும் தலைகாட்டாதபடி ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிறது. பள்ளிக்கூடம் நடத்துகிறவர் கல்விப் பணி ஆற்றுகிறார். ஆஸ்பத்திரி நடத்துகிறவர் மருத்துவ சேவை புரிகிறார். நூற்றுக்கு மூன்று வட்டி வாங்குகிறவர்கூட, 'ஏதோ நாலு பேருக்கு உபகாரம்' என்றுதான் தம்முடைய தொழிலைப் பற்றிப் பிரஸ்தாபிக்கிறார். இந்தச் சம்பிரதாயத்துக்கு விரோதமாக, பெயரின் முதல் பாதியில் வேடிக்கை என்றும் பின்பாதியில் வியாபாரம் என்றும் பட்டவர்த்தனமாக எழுதி வாசலில் மாட்டிக்கொண்ட தொழில் ஒன்று உண்டென்றால், அது அமெரிக்கர்கள் 'ஷோ பிசினஸ்' என்றும், அதையும் முழுதாகச் சொல்லப் பொறுமையில்லாமல் 'ஷோபிஸ்' என்றும் அழைக்கிற தொழில்தான். ஊரைச் சிறிது நேரம் மயக்குவதையே தர்மமாகக் கொண்ட ஒரு தொழிலுக்கு, பெயர் விஷயத்தில் மட்டும் இவ்வளவு யோக்கியதை எப்படி வாய்த்தது என்று நான் பல சமயங்களில் ஆச்சரியப்பட்டதுண்டு.

ஷோ பிசினஸ் என்ற தொடர் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அது பார்னம் என்ற மகானுபாவருடைய காலம். நியூயார்க் நகரத்து பிராட்வே வீதியில் அவர் ஒரு காட்சிசாலை வைத்திருந்தார். 1842-ஆம் வருஷத்தில், ஒரு குரங்கின் மேலுடம்பையும் ஒரு மீனின் வாலையும் சேர்த்துத் தைத்த வஸ்து ஒன்றை 'பிஜித் தீவின் கடற்கன்னி' என்று நாமகரணம் செய்து அங்கே வைத்து, அதைக் காண ஜனங்களை முண்டியடித்துக்கொண்டு வரச் செய்தார். உள்ளே வந்த கூட்டம் வெளியே போக மனமில்லாமல் நின்றபோது, 'எக்ரஸுக்கு இவ்வழி' என்று அவர் ஒரு பலகை எழுதி மாட்டினார் என்று ஒரு கதை உண்டு. எக்ரஸ் என்பது வெளியேறும் வழிக்குப் படித்தவர்கள் வழங்கும் வார்த்தை. அதை அறியாத ஜனங்கள், கடற்கன்னியைப் போல எக்ரஸும் ஏதோ ஓர் அபூர்வ ஜந்து என்று எண்ணி ஆவலோடு கதவைத் திறந்துகொண்டு போய்த் தெருவில் நின்றார்களாம். திரும்பி வருவதற்கு மறுபடியும் 25 சென்ட். ஆங்கிலத்தில் சொல் வளம் பெருக்கிக்கொள்ள வேண்டிய அவசியத்தை இவ்வளவு சிக்கனமாகப் போதித்த ஆசிரியர் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால், அந்தத் தொடரைச் சுருக்கி முறுக்கி, நாலு தேசத்துக்கும் ஏற்றுமதி செய்யத்தக்க சரக்காக்கிய பெருமையில் பெரும்பங்கு ஒரு பத்திரிகையைச் சேரும். ஸைம் சில்வர்மன் என்பவர் நியூயார்க்கில் ஒரு பத்திரிகையில் மேடை நிகழ்ச்சிகளைப் பற்றி விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பது டாலருக்கு விளம்பரம் கொடுத்திருந்த ஒரு கோஷ்டியின் நிகழ்ச்சியைப் படுமோசம் என்று எழுதியதற்காக, 1905-ல் அவருடைய சீட்டைக் கிழித்துவிட்டார்கள். மனிதர் சோர்ந்துவிடவில்லை. மாமனாரிடம் 1,500 டாலர் கடன் வாங்கி, அதே வருஷம் டிசம்பர் மாதத்தில் 'வெரைட்டி' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். மாமனார் பணத்தில் பத்திரிகை ஆரம்பித்தவர்கள் நம் நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாமனார்களைப் பற்றி நம்முடைய இலக்கிய சரித்திரங்கள் மௌனம் சாதிக்கின்றன. முதல் இதழிலேயே சில்வர்மனுடைய ஏழு வயதுப் பிள்ளை எழுதிய விமர்சனம் ஒன்று, உலகத்திலேயே மிக இளைய விமர்சகன் என்ற விருதோடு பிரசுரமாயிற்று. விமர்சகர்களுடைய மனோவயதைப் பற்றி எழுத்தாளர்களுக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு; அதைப் பகிரங்கமாக அச்சிட்டு ஒப்புக்கொண்ட பத்திரிகை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வெரைட்டிக்கு இலக்கணத்தின் மேல் பக்தியும் கிடையாது, நீளமான வார்த்தைகளின் மேல் கருணையும் கிடையாது. வாயில் நுழைகிற சொல்லையெல்லாம் வாலை நறுக்கித் தலைப்பில் போட்டது. இன்றைக்கு நம்முடைய தமிழ்ப் பத்திரிகைகள்கூடக் கூசாமல் எழுதுகிற 'பயோபிக்' போன்ற சொற்களை உலகமெங்கும் பரப்பியதில் அதற்குப் பங்கு உண்டு. 1929-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, கோடீசுவரர்களெல்லாம் ஒரே நாளில் தெருவுக்கு வந்தபோது, மற்றப் பத்திரிகைகள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, வெரைட்டி மட்டும் 'வால் ஸ்ட்ரீட் முட்டையிட்டது' என்று தலைப்புப் போட்டது. நாடகம் படுத்துவிட்டால் முட்டையிட்டது என்று சொல்லுவது அவர்களுடைய கொட்டகை வழக்கு. நம்மிடத்தில் பரீட்சையில் பையன் முட்டை வாங்குகிறான். அங்கே நாடகம் முட்டை இடுகிறது. எங்கே போனாலும் தோல்விக்கும் முட்டைக்கும் உள்ள சம்பந்தம் விட்டபாடில்லை. 1935-ல், பட்டிக்காட்டு ஜனங்கள் பட்டிக்காட்டுக் கதைப் படங்களை வேண்டாமென்று தள்ளுகிறார்கள் என்ற சாதாரணமான சமாசாரத்தை, 'ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்' என்று நான்கே சொற்களில் அடக்கிவிட்டார்கள். நம் யாப்பிலக்கணப் புலவர் ஒருவர் அதைக் கேட்டிருந்தால், பொருள் விளங்காமற் போனாலும், இயைபுத் தொடை அமைந்திருப்பதற்காகவே தலையசைத்திருப்பார்.

இப்படிப்பட்ட பட்டறையில் வளர்ந்த ஷோபிஸ் என்ற சொல், 1940-களில் ஒரே சொல்லாக அச்சேறிக் கனவான்களுடைய அகராதிக்குள் நுழைந்தது. 1946-ல் இர்விங் பெர்லின் ஒரு பிராட்வே இசை நாடகத்துக்காக, இந்தத் தொழிலுக்கு நிகரான தொழில் வேறில்லை என்ற பொருளில் ஒரு பாட்டே கட்டிவிட்டார்; 1951-ல் வெரைட்டியின் ஆசிரியராக இருந்த ஏபல் கிரீன், ஜோ லாரி என்பவரோடு சேர்ந்து, இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, அந்தத் தொழிலின் சரித்திரத்தை ஒரு பெரிய புத்தகமாக எழுதினார். அதன் பிறகு அது கப்பலேறிவிட்டது.

நம் தமிழ்நாட்டுக்கு மாத்திரம் அது சரியாக வந்து சேரவில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளின் தலைப்புகளில் கண்ணில் படும். ஜனங்களுடைய வாயில் நுழையவில்லை. காரணம், அது உட்கார வேண்டிய நாற்காலியில் ஏற்கெனவே 'இண்டஸ்ட்ரி' என்ற சொல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று 'வாழ்க' என்று ஒரு தடவை கோஷம் போட்டவர்கூட, 'நான் இண்டஸ்ட்ரிக்கு வந்து இருபது வருஷம் ஆச்சு சார்' என்றுதான் சொல்லுகிறார். நெசவாலை, சர்க்கரை ஆலை, சிமெண்டு ஆலை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த ஒரு சொல்லை, புகைபோக்கி ஒன்றுகூட இல்லாத கோடம்பாக்கம் தனக்கே பட்டா எழுதிக்கொண்டதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. இதற்கு ஆட்சேபம் சொல்லக்கூடியவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் மட்டும்தான்; அவர்களுக்கு இண்டஸ்ட்ரி என்றால் லேத்தும் மோட்டார் பம்பும்.

இந்த இரண்டு இண்டஸ்ட்ரிகளும் ஒரு தடவை கோயம்புத்தூர் ரயிலில் என் எதிரிலேயே சந்தித்துக்கொண்டன. சேலம் தாண்டியபின், ஜன்னலோரத்தில் இருந்த பெரியவர் எதிரே இருந்தவரைப் பார்த்து, "நீங்க எந்தத் தொழிலுங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அவரும், "இண்டஸ்ட்ரிதான் சார்," என்று அடக்கமாகப் பதில் சொன்னார்.

"அப்படிங்களா! நானும் இண்டஸ்ட்ரிதானுங்க. உங்க பக்கம் எப்படிங்க ஓடுது?"

"எங்கே சார் ஓடுது! பத்து வெளியே வந்தா ஒண்ணு ஓடினா பெரிசு."

"பத்துக்கு ஒண்ணா? எங்களுதில நூத்துக்கு ஒண்ணு ஓடலைன்னாலே தூக்கிட்டு வந்து வாசல்ல போட்டுருவாங்களே! வாங்கினவங்க சும்மாவா விடறாங்க?"

"விடுவாங்களா? பணத்தைத் திருப்பிக் கொடுன்னு ஆபீஸ் வாசல்ல வந்து உட்கார்ந்துட்டாங்க சார்."

"தப்பு உங்க பேர்லதானுங்க. தண்ணியில போட்டுப் பார்த்துத்தானுங்க வெளிய விடணும்."

"தண்ணியில போட்ட மாதிரிதான் சார் ஆச்சு, போட்ட காசு அவ்வளவும்!"

பெரியவர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். திருப்பூர் வருவதற்குள் வட்டியின் கொடுமை, ஆள் கிடைக்காத கஷ்டம், அரசாங்கத்தின் பாராமுகம் ஆகிய விஷயங்களில் இருவருக்கும் பரிபூரணமான அபிப்பிராய ஒற்றுமை ஏற்பட்டுவிட்டது. இறங்குகிற சமயத்தில் விசிட்டிங் கார்டுகளை மாற்றிக்கொண்டபோது, ஒன்றில் நீர்மூழ்கி மோட்டார்ப் படமும் மற்றொன்றில் பிலிம் சுருள் படமும் இருந்ததைக் கண்டு இருவரில் எவரும் துளியும் அதிர்ச்சி அடையவில்லை. நஷ்டத்தில் இருக்கிறவர்களுக்குத் தொழில் பேதம் கிடையாது என்பதை அன்று கண்டேன்.

ஹாலிவுட்டின் பெயரிலிருந்து கிள்ளி எடுத்த 'வுட்'டை ஊர்ப்பெயரின் முதலெழுத்தோடு ஒட்டவைத்துக் கோலிவுட் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர வேண்டும். அதற்கு வழிகாட்டியது 1932-ல் டெமிங் என்ற அமெரிக்க எஞ்சினியர்; கல்கத்தாவின் டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களைப் பார்த்துவிட்டு, அவர் வேடிக்கையாக டாலிவுட் என்று எழுதிவைத்தார். வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு இல்லாதபடியால், அகப்பட்ட எழுத்தையெல்லாம் 'வுட்'டின் தலையில் ஏற்றிவிட்டோம். மூல ஊரான ஹாலிவுட்டோ, 1887-ல், சினிமா என்ற பேச்சே எழாத காலத்தில், மனை பிரித்து விற்பவர்கள் வைத்த பெயர். மலைமேல் நிற்கும் அந்த உலகப் பிரசித்தமான எழுத்துகள்கூட 1923-ல் வீட்டுமனை விற்பனைக்காக நிறுத்திய விளம்பரப் பலகைதான். 'ஹாலிவுட்லேண்ட்' என்று இருந்ததில் கடைசி நான்கு எழுத்துகளை 1949-ல் எடுத்துவிட்டார்கள். கலையின் சின்னம் என்று உலகம் கும்பிடுகிற அந்தப் பலகையைப் போல எத்தனையோ பலகைகள் நம் செங்கற்பட்டு சாலை நெடுகிலும் வழிபாடு இல்லாமல் வெயிலில் நிற்கின்றன.

மற்ற தேசத்தார் ஷோபிஸையும் அதன் பரிவாரத்தையும் எவ்வாறு வரவேற்றார்கள் என்று விசாரித்தால், ஒவ்வொரு ஜாதியாரும் தங்கள் தங்கள் சுபாவத்துக்கு ஏற்றபடி மரியாதை செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அந்நியச் சொல்லை வாசலில் அடித்து விரட்டுவார்கள், கொல்லைப்புறமாக உள்ளே அழைத்து விருந்து வைப்பார்கள். 1994-ல் தூபோன் என்ற மந்திரி, பிரெஞ்சு மொழியைக் காப்பாற்ற ஒரு சட்டமே கொண்டுவந்தார். அவருடைய பெயரைப் பிரித்துப் பார்த்தால் 'எல்லாம் நல்லது' என்று அர்த்தம் தொனிக்கும் ஆகையால், பாரீஸ் குறும்பர்கள் அவருடைய பெயரையே ஆங்கிலப்படுத்தி, 'ஸ்ரீமான் ஆல்குட்' என்று அழைத்தார்கள். சட்டம் சட்டமாக இருக்க, ஷோபிஸ் அங்கே சுகமாக வாழ்கிறது. அது போதாதென்று, ஜனங்கள் என்று பொருள்படும் 'பீப்பிள்' என்ற ஆங்கிலச் சொல்லையும் கொண்டுபோய், பத்திரிகையில் படம் வருகிற பிரபலஸ்தர்களுக்கு மாத்திரம் அதை ஒதுக்கிவிட்டார்கள். பிரபுக்களின் தலையை வாங்கிப் புரட்சி செய்த தேசத்தில், ஜனங்கள் என்றால் சினிமா நட்சத்திரங்கள் என்று ஆகியிருக்கிறது.

ஜெர்மானியர் எதிலும் ஒழுங்கு உடையவர்கள். தங்களுக்கு வேண்டிய ஆங்கிலச் சொல் ஆங்கிலத்தில் இல்லாதபோது தாங்களே அதைத் தயாரித்துக்கொள்கிறார்கள். மேடையில் நின்று நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு அவர்கள் வைத்திருக்கும் 'ஷோமாஸ்டர்' என்ற பெயர் லண்டனிலும் கிடையாது, நியூயார்க்கிலும் கிடையாது. ஜப்பானியர்கள், நடிகருக்கு இவ்வளவு பணம் நிச்சயம் என்று உறுதி சொல்லும் 'கியாரண்டி'யைக் 'கியாரா' என்று சுருக்கிக் கூலிக்கே அதைப் பெயராக்கிவிட்டார்கள். டெலிவிஷனில் சும்மா வந்து உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போகிறவருக்கு 'டாரென்டோ', அதாவது டேலண்ட், திறமை, என்று பெயர். திறமை இருக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே பிறகு இடமே இல்லை.

ருஷ்யர்களுடைய கதை சற்று மாறுபட்டது. சோவியத் ஆட்சியில் பாட்டு, நடனம், ஹாஸ்யம் முதலிய மேடைக் கலைகளுக்கெல்லாம் 'எஸ்திராதா' என்று பெயர். பாடகர் எவ்வளவு பிரபலமானாலும், அவர் எந்தத் தரத்தைச் சேர்ந்தவர் என்று அரசாங்கம் நிர்ணயித்து, கச்சேரிக்கு இவ்வளவு ரூபிள் என்று அட்டவணைப்படி கொடுத்துவிடும். அந்த ஆட்சி மறைந்ததும் எஸ்திராதாவின் இடத்துக்கு ஷோ பிசினஸ் வந்து சேர்ந்தது. ருஷ்யப் பெரியவர்கள் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது, மேடையின் தரம் போய்விட்டதே என்ற துக்கத்தையும் இளமை போய்விட்டதே என்ற துக்கத்தையும் சேர்த்தே உச்சரிப்பார்கள். இரண்டாவது துக்கத்துக்கு எந்தச் சர்க்காரும் பரிகாரம் செய்ய முடியாது.

எல்லா தேசங்களையும்விட இந்தச் சொல்லுக்குச் சிங்காதனம் போட்டுக் கொடுத்த தேசம் பிலிப்பைன்ஸ். முந்நூறு வருஷங்களுக்கு மேல் ஸ்பெயின் தேசத்துப் பாதிரிமாருடைய கண்காணிப்பிலும், பிறகு 1946 வரையில் பெரும்பாலும் அமெரிக்கருடைய கொடியின் கீழும் இருந்தவர்கள் அவர்கள். 'முந்நூறு வருஷம் கன்னிமாடத்தில், ஐம்பது வருஷம் ஹாலிவுட்டில்' என்று தங்களுடைய சரித்திரத்தைத் தாங்களே பரிகாசம் செய்துகொள்வதுண்டு. அங்கே ஜோடி நடிகர்கள்மேல் ஜனங்கள் வைக்கும் பக்தி சாமானியமானதல்ல. 1970-களின் தொடக்கத்தில் நோரா ஔனோர் என்ற இளம் நட்சத்திரத்துக்கு, உடன் நடித்த டிர்ஸோ குரூஸ் ஒரு பொம்மையைப் பரிசளித்தார். மரியா லியோனோரா தெரேஸா என்று நீளமாகப் பெயர் சூட்டப்பெற்ற அந்தப் பொம்மையை ரசிகர்கள் அந்த ஜோடியின் குழந்தையாகவே பாவித்துச் சீராட்டினார்கள். அரசியலோ கேட்க வேண்டியதில்லை. ஜோசப் எஸ்திராதா என்ற சினிமாக் கதாநாயகர் 1998-ல் ஜனாதிபதியாகவே வந்துவிட்டார். குடும்பத்தார் சினிமாவை விரும்பாதபடியால் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்தான் எஸ்திராதா; ருஷ்யாவில் மேடைக்கலையின் பெயராக இருந்து உத்தியோகம் இழந்த சொல், இன்னொரு கோடியில் ஜனாதிபதி மாளிகைக்கே குடிபோனது தற்செயல் என்றாலும் ரசிக்கத்தக்க தற்செயல். நடிகர்கள் நாடாளுவதைப் பற்றி நமக்குப் பாடம் நடத்தப் பிலிப்பைன்ஸ்காரர்கள் யாரும் வரவேண்டியதில்லை ஆகையால், இந்த விஷயத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவு தூரம் சினிமாவில் ஊறியவர்கள் ஷோபிஸ் என்ற சொல்லைத் தொழிற்பெயராக மட்டும் வைத்துக்கொண்டிருப்பார்களா? அதை ஒரு குணப்பெயராக்கிவிட்டார்கள். டெலிவிஷன் பேட்டியில் நட்சத்திரத்தைப் பார்த்து, 'உங்களுக்கும் அவருக்கும் காதலாமே?' என்று கேட்டால், 'நாங்கள் வெறும் சிநேகிதர்கள்' என்று புன்சிரிப்போடு வருகிற பதில் இருக்கிறதே, அதற்கு ஷோபிஸ் பதில் என்று பெயர். அங்கிருந்து அது வீதிக்கு இறங்கி, வீட்டுக்குள்ளும் நுழைந்து, மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வழவழவென்று வேறொன்றைச் சொல்லும் மனிதர் எவராயிருந்தாலும் அவருக்கு விசேஷணமாகிவிட்டது.

இந்தப் பிரயோகத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் தங்கையின் மகள். தமிழ்நாட்டிலிருந்து வைத்தியம் படிக்கப் பிலிப்பைன்ஸுக்குப் போகும் பிள்ளைகள் இப்போது அநேகர். அவளும் அங்கே டாவாவோ நகரத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது, அந்த ஊர்ப் பதார்த்தம் ஒன்றை எங்களுக்குச் செய்து போடுவதாக அறிவித்து, நீளமான காராமணிக்காயை நறுக்கி, சோயா சாற்றிலும் காடியிலும் பூண்டோடு வேகவைத்து, அடோபோ என்று கொண்டுவந்து வைத்தாள். காராமணிக்காய் என் மதிப்பில் ஓர் உத்தமமான காய். தேங்காயைத் தவிர வேறெதனோடும் அது சச்சரவு செய்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அது காடியோடு செய்துகொண்டிருந்த யுத்தம் என் நாக்கின் மேல்தான் நடந்தது.

"எப்படி இருக்கு மாமா?" என்றாள்.

"புதுமையாக இருக்கிறது அம்மா. அந்த ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு இது வெகு பொருத்தமாக இருக்க வேண்டும். உழைத்துச் செய்திருக்கிறாய் என்பது பார்த்தாலே தெரிகிறது," என்றேன்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஆங் ஷோபிஸ் மோ, மாமா!" என்று சிரித்தாள். 'நீங்கள் எவ்வளவு ஷோபிஸ்!' என்று அதற்கு அர்த்தமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் அத்தைக்குக் காது சற்று மந்தம். "ஷோபீஸா? அதுதான் அலமாரி நிறைய இருக்கே. பத்தாததுக்கு இவன் வேற எதுக்கு?" என்று கேட்டாள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, கூடத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, விருந்தாளிகளுக்குக் காட்டப்படுவதைத் தவிர வீட்டுக்கு வேறு பிரயோஜனம் இல்லாதவனாக இருக்கும் என்னைப் பற்றி இதைவிடத் துல்லியமான வர்ணனையை நான் கேட்டதில்லை.

அத்தையின் வர்ணனையை விழுங்குவது அடோபோவை விழுங்குவதைவிடச் சுலபமாகவே இருந்தது. மருமகளின் குற்றச்சாட்டைத்தான் வெகுநேரம் மென்றேன். அவள் நினைத்ததுபோல் அது பிலிப்பைன்ஸ்காரர்களுடைய புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கொட்டகைக்காரர்களுடைய சொல்லைக் கொண்டுவந்து குடும்பத்தில் ஒருவரை ஒருவர் இடித்துரைக்கப் பயன்படுத்தும் கலையில் நாம் அவர்களுக்குப் பாட்டனார்கள். கூத்தும் நாடகமும் வேஷமும் நம்மிடம் வெறும் கலைகளாக ஒரு காலமும் இருந்ததில்லை. பொய்யாக அழுகிற பிள்ளை நாடகம் ஆடுகிறான். உள்ளொன்றும் புறம்பொன்றுமாக இருக்கிற பெரியவர் வேஷம் போடுகிறார். சம்பந்தி வீட்டார் பந்தியில் செய்த கலாட்டாவுக்குக் கூத்து என்று பெயர். சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவரிடம், 'உம்முடைய காலட்சேபத்தை நிறுத்தும்' என்கிறோம். கையில் பணம் இருந்தும் இல்லையென்பவர் பஞ்சப்பாட்டுப் பாடுகிறார்.

மேளக் கச்சேரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவரைச் சுட்ட நம்மிடம் எத்தனை வாத்தியங்கள்! ஒருவர் ஒத்து ஊதுகிறார், ஒருவர் ஜால்ரா போடுகிறார், ஒருவர் தாளம் போடுகிறார், இன்னொருவர் பின்பாட்டுப் பாடுகிறார், ஒருவர் சிங்கி அடிக்கிறார். ஒரு சாதாரண சர்க்கார் ஆபீஸில் பகல் பதினொரு மணிக்கு உள்ள பக்கவாத்தியம் திருவையாற்று உற்சவப் பந்தலிலும் இராது. நாகசுரக்காரரை மட்டும் இந்தக் கும்பலில் சேர்க்காமல் தமிழ் மொழி விட்டுவைத்திருப்பதற்குக் காரணம், மூச்சுப் பிடித்து வேலை செய்கிறவன் அந்தக் கோஷ்டியில் அவன் ஒருவன்தான் என்பதாக இருக்கலாம்.

சினிமா வந்த பிறகும் மொழி சும்மா இருக்கவில்லை. பகட்டுச் செய்கிறவன் பிலிம் காட்டினான். அப்புறம் படம் காட்டினான். இப்போது சீன் போடுகிறான். கால்ஷீட் என்பது, படப்பிடிப்புக்கு யார் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று எழுதித் தரும் சாதாரணக் காகிதம். நம்மிடம் அது நடிகருடைய பொன்னான நேரத்துக்கே பெயராகி, அதற்கப்பால் கொத்தனார், எலெக்ட்ரீஷியன், கல்யாணச் சமையற்காரர் வரையில் இறங்கிவிட்டது. முகூர்த்த நாளில் ஒரு நல்ல சமையற்காரருடைய கால்ஷீட் கிடைப்பதைவிடப் பெரிய கதாநாயகருடைய கால்ஷீட் சுலபம் என்று, பெண்ணுக்குக் கல்யாணம் செய்த எந்தத் தகப்பனாரும் சத்தியம் செய்வார். ஆகவே ஷோபிஸ் என்ற சொல் இன்றைக்கு நம் ஊரில் வந்து இறங்கினாலும், அதற்கு வேலை கொடுக்க நமக்கு இடமில்லை; 'சீன் போடாதே மாமா' என்று அவள் தமிழிலேயே சொல்லியிருக்கலாம். புலவர் பெருமக்கள் யாரேனும் காட்சி வாணிகம் என்றோ களிப்பு வணிகம் என்றோ புதுச்சொல் ஆக்கிக்கொடுத்தாலும், அதைத் துறைப்பெயராக அச்சடித்துக்கொள்ளலாமே தவிர, அதை வைத்து ஒருவரைத் திட்ட முடியாது. திட்டுவதற்கு உதவாத சொல் அதிக நாள் உயிர் வாழாது.

எனக்குள்ள ஆட்சேபம் வேறு. பிலிப்பைன்ஸ்காரர்கள் ஆகட்டும், நாம் ஆகட்டும், இந்தச் சொற்களையெல்லாம் வசவாக வைத்திருப்பது நியாயமல்ல என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி எண்ணெய் குடித்திருந்தால், 'ரொம்ப மொறுமொறுப்பு' என்று சொல்லாமல் இருந்த மாப்பிள்ளை வீட்டார் உண்டா? சிநேகிதருடைய பேரன் மேடையில் மிருதங்கத்தை அடித்து நொறுக்கியபோது, 'பையனுக்கு நல்ல பலம்' என்று சொல்லாமல் வீடு திரும்பியவர் உண்டா? நடிகர் கியாரா வாங்கிக்கொண்டு செய்கிற காரியத்தை நாம் ஒரு காசு வாங்காமல் தினந்தோறும் செய்கிறோம். வியாபாரம் என்ற பின்பாதியை நீக்கிவிட்டு, வேடிக்கை என்ற முன்பாதியை மட்டும் தர்மமாகச் செய்துகொண்டிருக்கிறோம். இந்தத் தர்மம் ஒரு நாள் நின்றுபோனால், அன்று மாலைக்குள் தமிழ்நாட்டில் ஒரு கல்யாணமும் நடக்காது, ஒரு கூட்டுக்குடும்பமும் மிஞ்சாது.

ஆகையால் இதை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கட்டுரை பிடிக்கவில்லையென்றால் பத்திரிகாசிரியருக்குத் தாராளமாக உண்மையை எழுதுங்கள். அது அவருக்குப் பழக்கம். எனக்கு எழுதுவதாக இருந்தால் மட்டும், தயவுசெய்து கொஞ்சம் ஷோபிஸாகவே எழுதுங்கள்.